உங்கள் முறை

திருச்சினாங்குப்பத்தில் வரிசை நின்றுவிட்டது.
எனக்கு முன்னால் நாற்பத்தொரு டிரெய்லர்,
இறங்கிப்போய் எண்ணிவிட்டு வந்தேன்.
இடப்பக்கம் கல் கொட்டி வைத்த கடல்.
மணலியிலிருந்து வருகிற காற்றில் தீக்குச்சி வாடை.

இப்படி நிற்கிறவனுக்கென்றே செய்ததுபோல் இருந்தது
ஏழரண்.
முதல் பாகத்திலிருந்து நான்காவது வரை ஒரே சட்டம்:
நான் நகர்த்துவேன், அப்புறம் நீ.
குதிரைக்கு ஐந்து கட்டம், யானைக்கு இரண்டு,
சேற்றில் எல்லோருக்கும் ஒன்று.
எதிரி மரியாதைக்காரன்.
வாளை ஓங்கியபடியே நிற்பான்,
நான் வண்டியை எட்டடி முன்னால் எடுத்து,
பிரேக் காற்று சீறி அடங்க,
டீ குடித்து, போலீஸ்காரரிடம் காகிதம் காட்டி
ஏறி உட்காரும்வரை.
கை வலிக்கிறது என்று ஒருநாளும் சொன்னதில்லை.

எதிராளி மெர்லின்.
மாதவரம் யார்டில் சீல் நம்பர் சரிபார்க்கிறவள்.
என் பெட்டியின் எண்ணை ஒருமுறை தப்பாக எழுதி
அரைநாள் என்னை நிறுத்திவைத்தாள்;
அந்த அரைநாளில்தான் ஆட்டம் தொடங்கியது.
அவள் டீ நேரத்தில் ஒன்று நகர்த்துவாள்,
நான் ஜீரோ கேட்டில் ஒன்று.
ஒரு பாலத்தைப் பிடிக்க எங்களுக்கு
முழு ஆடியும் பாதி ஆவணியும் ஆனது.
"யோசிக்கிறியா, தூங்கிக்கினு கீறியா?" என்பாள்.
இரண்டுக்கும் நடுவில் ஒன்று இருக்கிறது,
டிரைவர்களுக்குத் தெரியும்.

இப்போது 'ஏழரண்: பாய்ச்சல்' வந்திருக்கிறது.
கட்டம் கிடையாது. முறை கிடையாது.
இத்தனை வருடம் மேலிருந்து ஒரு பொட்டாக நான் பார்த்த
ஈட்டிக்காரி
முதுகைக் காட்டிக்கொண்டு ஓடுகிறாள்.
அவளுக்குச் சடை இருப்பதே இப்போதுதான் தெரியும்.
தோளில் ஒரு பழைய தழும்பு,
நான் அவசரப்பட்டு முன்னால் அனுப்பிய
ஏதோ ஒரு நாளுடையதாக இருக்கும்.

"ஓடிக்கினே இருக்கணும்பா, நின்னா போட்ருவான்."
மெர்லினின் குரல்செய்தி, பின்னால் ஹாரன் சத்தம்.
யார்டை விட்டுவிட்டாள்.
பத்து நிமிடத்தில் வெங்காயம் கொண்டுபோய்க் கொடுக்கிற கம்பெனி,
சொந்த ஸ்கூட்டர்.

நானும் இறக்கிப் பார்த்தேன்.
முதல் கோட்டைவாசலில் முப்பது பேரைச் சாய்த்தேன்,
கியர் போட்டுக் காய்த்த கட்டைவிரல், மோசமில்லை.
கதவு திறக்கப்போகிற நேரம்
முன்னால் இரண்டு வண்டி அளவுக்கு இடம் விட்டது.
போனை மடியில் போட்டு, கிளட்சை மிதித்து,
நகர்த்தி நிறுத்திவிட்டுப் பார்த்தால்
மல்லாந்து கிடக்கிறாள்.
யார் குத்தினார்கள் என்றுகூடத் தெரியவில்லை.
ஒன்பது தடவை.
ஒன்பது தடவையும் வரிசை நகர்ந்ததால் செத்தாள்.
வரிசை நகரக்கூடாதே என்று
வாழ்க்கையில் முதல்முறையாக வேண்டிக்கொண்டேன்.

அழித்துவிட்டேன்.

பழைய ஆட்டம் அப்படியே இருக்கிறது
மார்ச்சில் விட்ட இடத்தில்.
அவளுடைய யானை என் படித்துறையில்,
என் ராஜா மூன்று கட்டம் தள்ளி.
கீழே பச்சையில் மினுக்குகிறது: உங்கள் முறை.

நல்ல நகர்வு ஒன்று இருக்கிறது.
ஈட்டிக்காரியைச் சேற்றில் இறக்கினால் யானை மாட்டும்.
பார்த்து வைத்து ரொம்ப நாளாகிறது.
நகர்த்திவிட்டால்
அந்த இடத்தில் மெர்லின் முறை என்று எழுதும்.
எழுதியது அப்படியே நிற்கும்,
நாளைக்கும், பொங்கலுக்கும்.
என் முறையாக இருக்கிறவரைக்கும்
தாமதம் என்னுடையது.

கிளீனர் கஜபதி கதவைத் தட்டுகிறான்:
"ண்ணா, பதினேழு வண்டி உள்ள பூட்ச்சி, எடுண்ணா."
எடுக்கிறேன்.
மடியில்
யானை ஒரு காலைத் தூக்கியபடி நிற்கிறது.